மாயா பெண்கள் படித்தால் அங்கே என்னதான் மாறுகிறது?

"குவாத்தமாலாவில் வறுமையில் இருக்கும் மாயா பெண்களைப் படிக்க வைப்பதால் சமூகத்தில் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா, இல்லை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் நன்கொடை வாங்கச் சொல்லும் கதையா?" என்பது கேள்வி. மாறுகிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் நன்கொடைக் கடிதங்கள் காட்டும் இடத்தை விட, அவை பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஓர் இடத்தில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாயா என்றதும் நம்மில் பலருக்குக் காட்டுக்குள் நிற்கும் பிரமிடும், 2012 டிசம்பரில் உலகம் அழியப்போகிறது என்று கிளப்பிவிட்ட புரளியும்தான் நினைவுக்கு வரும். பாழடைந்தது அந்தப் பழைய நகரங்கள்தான், மக்கள் எங்கேயும் போய்விடவில்லை. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குவாத்தமாலாவில் மட்டும் சுமார் 62 லட்சம் பேர் தங்களை மாயா என்று பதிந்திருக்கிறார்கள், அதாவது நாட்டில் கிட்டத்தட்ட 42 சதவீதம். இவர்களுக்குள் 22 மொழிகள். கீச்சே, கெக்ச்சி, காக்சிக்கேல், மாம் ஆகிய நான்கும் பெரியவை. கெக்ச்சி பேசும் பெண் சொல்வது மாம் பேசும் பெண்ணுக்குப் புரியாது. இவ்வளவு மொழிகள் இருந்தும் அரசு அலுவலகம், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் நடப்பது ஸ்பானிஷில். ஆண்கள் காபித் தோட்டம், கரும்பு வெட்டு, ராணுவம், நகரத்துக் கூலிவேலை என்று அலைந்து ஓரளவு ஸ்பானிஷ் பிடித்துக்கொண்டார்கள். வீடு, தறி, சோளக்கொல்லை என்று இருந்த பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒரு பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டர் என்ன சொல்கிறார், போலீஸ்காரர் எதைப் பதிவு செய்கிறார் என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வாயை நம்பியே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு ஆண், அல்லது லதீனோ, அதாவது ஸ்பானிஷ் பேசும் மாயா அல்லாத ஆள்.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது, சட்டமே இதை வைத்து ஆளைப் பிரித்தது. 1944 புரட்சிக்குப் பிறகு வந்த 1945 அரசியல் சட்டத்தைக் குவாத்தமாலா வரலாற்றில் மிக முற்போக்கானது என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை தந்தது அதுதான். ஆனால் யாருக்கு? எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு மட்டும். எழுத்தறிவில்லாத ஆணுக்கு ஓட்டு உண்டு, எழுத்தறிவில்லாத பெண்ணுக்குக் கிடையாது. மாயா பெண்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களே அபூர்வமாக இருந்த காலம் அது. ஆக ஒட்டுமொத்தமாக அவர்களை வெளியே நிறுத்த இனத்தின் பெயரைச் சொல்லவே தேவைப்படவில்லை, படிப்பு என்ற ஒரு நிபந்தனை போதுமானதாக இருந்தது. 1965 அரசியல் சட்டத்தில்தான் அந்த நிபந்தனை போனது. புரட்சி அரசு இவ்வளவு செய்தும் இதைச் செய்யவில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். தொடக்கப்பள்ளியில் சேர்ப்பது இப்போது பெரிய சிக்கல் இல்லை. 2009 முதல் அரசுப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கினார்கள், பெரும்பாலான கிராமங்களில் ஆறாம் வகுப்பு வரை ஏதோ ஒரு பள்ளி இருக்கிறது. கயிறு அறுவது ஆறாம் வகுப்புக்கு அப்புறம். ஏழு, எட்டு, ஒன்பதை அங்கே பாசிகோ என்பார்கள். அது பல ஊர்களில் கிடையாது, டவுனுக்குப் போக வேண்டும். பின்னால் ஆட்களை நிற்க வைத்து ஏற்றும் பிக்கப் வண்டிதான் மலைப்பாதையில் பஸ். அதற்குத் தினமும் போகவர காசு, அப்புறம் சீருடை, நோட்டு, வாத்தியார் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் ஜெராக்ஸ் செலவு. படிப்பு இலவசம், படிக்கப் போவது இலவசமில்லை. இன்னொரு பக்கம் பன்னிரண்டு வயதுப் பெண் வீட்டில் செய்யும் வேலையை யார் செய்வது? விடிவதற்கு முன் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை அரவை மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் மாவாக்கி வர வேண்டும், வந்ததும் தொர்த்தியா என்ற சோள ரொட்டி தட்ட வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மீதி நேரத்தில் இடுப்பில் கட்டிய தறியில் உட்கார்ந்தால் அதிலும் நாலு காசு வரும். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் அனுப்ப முடியும் என்றால் எந்த வீட்டிலும் பையன்தான் போகிறான். பெற்றோர் கொடூரமானவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பையன் படித்தால் சம்பளம் வரலாம், பெண் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற கணக்கு. நமக்குத் தெரியாத கணக்கா இது?

படிப்பு நின்ற பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிதான். தலைநகரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் தங்கி வேலை செய்வது, அல்லது கல்யாணம். 2015 வரை பெற்றோர் சம்மதித்தால் 14 வயதுப் பெண்ணுக்குச் சட்டப்படியே திருமணம் செய்யலாம். 2015-ல் அதை 18 ஆக்கினார்கள், நீதிபதி அனுமதித்தால் 16 என்று ஒரு ஓட்டை வைத்தார்கள், 2017-ல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கிராமத்துச் சேர்க்கைகள் பலவும் பதிவு அலுவலகத்துப் பக்கமே போவதில்லை, இரண்டு குடும்பம் பேசிமுடித்துப் பெண் அந்த வீட்டுக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். பதிவே ஆகாத திருமணத்தைச் சட்டம் எப்படித் தடுக்கும்? பள்ளிக்கூடம் தடுக்கிறது. சீருடை போட்டுக்கொண்டு தினம் டவுனுக்குப் போய்வரும் பெண்ணைக் கேட்டு வர ஆட்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள், பெற்றோருக்கும் "இன்னும் படிக்கிறாளே" என்று சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது. பாசிகோவின் மூன்று வருடம் அவள் எவ்வளவு அல்ஜீப்ரா கற்றாள் என்பதை விட, அவள் வாழ்க்கையில் மூன்று வருடத்தைத் தள்ளிப்போட்டது என்பதே பல குடும்பங்களில் பெரிய லாபம்.

அடுத்து எல்லோரும் சொல்லும் ஆரோக்கியம். 2014-15 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி குவாத்தமாலாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். உலகிலேயே மோசமான எண்களில் ஒன்று, பழங்குடிக் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். அம்மா படித்திருந்தால் இது குறைகிறது என்பதும் உண்மைதான். சுகாதார நிலையத்தில் நர்ஸோடு நேருக்கு நேர் பேச முடிகிறது, மருந்துச் சீட்டைப் படிக்க முடிகிறது, திட்டி அனுப்பினால் திரும்பக் கேட்க முடிகிறது. ஆனால் இங்கேதான் எனக்கு நன்கொடைக் கடிதங்களோடு சண்டை. அந்தக் குழந்தை வளராததற்குக் காரணம் அம்மாவின் அறியாமை மட்டும் என்பது போல எழுதுவார்கள். நல்ல நிலமெல்லாம் பெரிய தோட்டங்களிடம் இருக்கிறது, மலைச்சரிவில் துண்டு நிலத்தில் விளையும் சோளம் வருடம் முழுக்கக் காணாது, குழாயில் வரும் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. இதையெல்லாம் ஒரு பெண் ஒன்பதாவது பாஸ் செய்து சரிக்கட்டிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். படித்தவளிடமும் பருப்பு வாங்கக் காசு இருந்தால்தான் பருப்பு வேகும்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த இடம். அது நீதிமன்றம்.

1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை கண்டறியும் ஆணையம் 1999-ல் அறிக்கை கொடுத்தது. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்றது, பெரும்பாலான கொடுமைகளுக்கு அரசுப் படைகளும் அதன் துணைப்படைகளுமே பொறுப்பு என்றது. மூன்று பேர் கொண்ட அந்த ஆணையத்தில் ஒருவர் ஓதிலியா லுக்ஸ் தே கோத்தி, கீச்சே பெண், கல்வியாளர். பின்னாளில் கலாச்சார அமைச்சராகவும் இருந்தார். ஒரு மாயா பெண் இந்த நாட்டின் வரலாற்றை அதிகாரப்பூர்வமாக எழுதும் மூன்று பேரில் ஒருவர் என்பது அவருடைய அம்மா காலத்தில் யாரும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாதது.

சேபூர் சார்க்கோ என்பது கிழக்கே ஒரு கெக்ச்சி கிராமம். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து ஆண்கள் தாங்கள் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டார்கள். ராணுவம் வந்து அவர்களைக் கொண்டுபோனது, திரும்பவில்லை. அங்கே அமைந்த ராணுவ முகாமில் அவர்களுடைய மனைவிமார் முறைவைத்துச் சமைக்கவும் துவைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டு, பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழிந்து 2016 பிப்ரவரியில் வழக்கு தலைநகரத்தில் விசாரணைக்கு வந்தபோது அவர்கள் பாட்டிகள். தலையையும் முகத்தையும் சால்வையால் மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பானிஷ் தெரியாது, எழுத்தறிவும் கிடையாது, ஒவ்வொரு கேள்வியும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய் அவர் வழியாகவே திரும்பி வந்தது. நீதிபதி யாஸ்மின் பாரியோஸ் தலைமையிலான நீதிமன்றம் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரிக்கு 120 ஆண்டும் ராணுவத்தின் உள்ளூர் ஆளாக வேலை பார்த்த முன்னாள் 'ராணுவ ஆணையாளர்' ஒருவருக்கு 240 ஆண்டும் தண்டனை கொடுத்தது. போர்க்காலப் பாலியல் அடிமைத்தனத்தை, அது நடந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது உலகிலேயே அதுதான் முதல் முறை.

அந்த வழக்கில் நிபுணர் சாட்சியாக வந்தவர்களில் ஒருவர் இர்மா அலீசியா வெலாஸ்கெஸ் நிமாதுஹ். கீச்சே பெண், மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவன் காணாமல் போவதும் நிலம் போவதும் ஒரு கெக்ச்சி பெண்ணுக்குத் தன் சமூகத்துக்குள் எதையெல்லாம் பறிக்கும் என்று நீதிமன்றத்துக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும், அதை அவர் செய்தார். படிப்பின் சமூக விளைவு என்று யாராவது கேட்டால் நான் வருமானப் புள்ளிவிவரத்தைத் தேட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன். அதற்கடுத்த வழக்கு இன்னும் தெளிவானது. ரபினால் பகுதியைச் சேர்ந்த அச்சி மாயா பெண்கள் 36 பேர், எண்பதுகளில் தங்கள் மேல் நடந்த பாலியல் வன்முறைக்காகப் போட்ட வழக்கில் 2022 ஜனவரியில், போரில் ராணுவம் அமைத்த ஊர்க்காவல் படையின் முன்னாள் ஆட்கள் ஐந்து பேருக்குத் தலா 30 ஆண்டு கிடைத்தது, 2025 மே மாதம் இன்னும் மூன்று பேருக்குத் தலா 40 ஆண்டு. அந்தப் பெண்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் லூசியா ஷிலோஹ், ஹைதே வலேய், குளோரியா ரெயஸ், மூவரும் மாயா பெண்கள். ரெயஸ் அதே அச்சி சமூகம். பாதிக்கப்பட்டவர் தன் வீட்டு மொழியில் தன் வக்கீலிடமே பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம். இப்படியான வழக்குகளில் பாதிச் சண்டை "இதை வெளியே சொல்லலாமா" என்பதுதான். அதை யாரிடம் சொல்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் படித்தால் ஒரு வீட்டுக்கு லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. அந்த வழக்கறிஞர்களின் சம்பளத்தில் இது வராது. ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் நின்ற தரகரை நீக்கியதுதான் படிப்பு செய்த வேலை, அதன் பலன் படிக்காத பாட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரோசலீனா துயூக் இதற்கு முந்திய தலைமுறை. 1988-ல் போர் விதவைகளின் அமைப்பான கொனாவிகுவாவை உருவாக்கி, 1995-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான காக்சிக்கேல் பெண். பிற்பாடு நெசவாளர் பெண்கள் தங்கள் துணி வடிவங்களை கம்பெனிகள் நகலெடுத்து விற்பதை எதிர்த்து 2016-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கே போனார்கள், மறுவருடம் நீதிமன்றம் இதற்குச் சட்டம் கொண்டுவரும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. தறியில் உட்கார்ந்திருந்தவர்களும் மனு எழுதத் தெரிந்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்ததால் நடந்தது இது.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. குவாத்தமாலாவில் பள்ளி என்பது நெடுங்காலம் மாயா பிள்ளையை லதீனோ ஆக்கும் இடமாகத்தான் இருந்தது. வகுப்பில் தாய்மொழி பேசினால் அடி, சிரிப்பு. பெண்களுக்குக் கூடுதலாக உடைப் பிரச்சினை. கையால் நெய்த உய்பில் என்ற மேல்சட்டையையும் சுற்றிக்கட்டும் பாவாடையையும் கழற்றிவிட்டுச் சீருடைக்கு மாறினால்தான் பல பள்ளிகளில் இடம். அடிபட்டு வளர்ந்த தாய்மார் பலர் தங்கள் பிள்ளையோடு ஸ்பானிஷ் மட்டுமே பேசினார்கள், அவளாவது கஷ்டப்படக் கூடாதென்று. அப்படிப் படித்து வந்தால் மரியாதை கிடைத்ததா? மேலே சொன்ன வெலாஸ்கெஸ் நிமாதுஹையே 2002-ல் தலைநகரத்து மதுக்கூடம் ஒன்றில் பாரம்பரிய உடையில் வந்ததற்காக உள்ளே விடவில்லை. அப்போதே அவர் உயர்படிப்பு படித்தவர். அவர் விடாமல் விவகாரமாக்கினார், அதே வருடம் பாகுபாடு குற்றவியல் சட்டத்தில் ஒரு குற்றமாகச் சேர்ந்தது. படிப்பு வாசல் வரைதான் கொண்டுவிட்டது, வாசலில் நின்றவனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சண்டைக்கு ஆயுதம் கொடுத்ததும் படிப்புதான் என்றாலும்.

அதனால் எந்த மாதிரிப் படிப்பு என்பது முக்கியம். இருமொழிக் கல்விக்கு 1995 முதல் தனி இயக்குநரகம் இருக்கிறது, 2003-ல் மொழிச் சட்டமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது, நடைமுறையில் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு தாய்மொழி கழன்றுகொள்கிறது. எனக்குப் பிடித்த முயற்சிகள் சில உண்டு. 1979 முதல் நடக்கும் வானொலிக் கல்வி ஒன்று: வீட்டுவேலை செய்யும் பெண்கூட ரேடியோவில் பாடம் கேட்டு, புத்தகத்தில் எழுதி, வாரம் ஒரு நாள் குழுவாகக் கூடிப் படித்து முடிக்கலாம். இது பெரிதாகப் பேசப்படுவதே இல்லை. 2004-ல் பாப்புலேஷன் கவுன்சில் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு தொடங்கிய 'வாய்ப்புகளைத் திறத்தல்' திட்டம் இன்னொன்று: ஊருக்குள்ளேயே சிறுமிகள் மன்றம், நடத்துவது அதே சமூகத்தில் கொஞ்சம் மூத்த, கொஞ்சம் படித்த பெண்கள். ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களே தெருத்தெருவாகப் போய், எங்கே பயமில்லாமல் நடக்கலாம், எங்கே முடியாது என்று தங்கள் ஊருக்கு வரைபடம் போட்டார்கள். மதுக்கடை எங்கே, இருட்டுப் பாதை எங்கே என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு பதினாறு வயதுப் பெண் வரைபடத்தை விரித்துக் காட்டுவது அங்கே சாதாரண விஷயமில்லை. சோலோலாவில் 2017-ல் தொடங்கிய மாயா இம்பாக்ட் பள்ளி வேறு ரகம், பழங்குடிப் பெண்களுக்கு மட்டுமான முழுநேரப் பள்ளி, பெற்றோரைப் போய்ப் பார்த்து அவர்கள் மொழியிலேயே பேச வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தரம் நன்றாக இருக்கிறது. ஆனால் சில நூறு பேருக்குத்தான் இப்படிச் செய்ய முடியும், மீதி லட்சக்கணக்கானவர்களுக்கு அரசுப் பள்ளிதான் கதி.

கடைசியாக வேலை. படித்த மாயா பெண்ணுக்கு நீண்ட காலம் இருந்த ஒரே நிச்சயமான படி ஆசிரியர் வேலை. பள்ளிப்படிப்போடு சேர்த்தே ஆசிரியர் பயிற்சி முடிந்துவிடும், பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை. 2012-ல் அரசு அதை மாற்றிப் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. தரத்தை உயர்த்த என்றார்கள், நியாயமான காரணம்தான். ஆனால் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அது ஏணியில் ஒரு படியை உருவியதற்குச் சமம், கூடுதல் வருடங்களுக்கு யார் செலவழிப்பது? மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வருடம் அக்டோபர் 4 அன்று தொத்தோனிகபான் கீச்சே மக்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்து மலைச்சாலையை மறித்தபோது கோரிக்கைகளில் இந்த ஆசிரியர் பயிற்சி விவகாரமும் இருந்தது, ராணுவம் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். படிப்புக்காக மாயா சமூகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. "அவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்களிடம் யாராவது இந்த மாதிரித் திட்டத்துக்குப் பணம் கேட்டு வந்தால், எத்தனை பெண்களைச் சேர்த்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரிடமும் பளபளப்பான பதில் இருக்கும். பாசிகோவை எத்தனை பேர் முடித்தார்கள், பாடம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் மொழி தெரியுமா, பொறுப்பான பதவிகளில் மாயா பெண்கள் எத்தனை பேர், பிக்கப் வண்டிக் காசையும் ஜெராக்ஸ் காசையும் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால் அந்த ஆட்கள் கிராமத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று நம்பலாம்.